ஆள் இல்லாத நெல்லுக்கு முதலில்

எனக்குச் சால்வை போர்த்தி வேலையிலிருந்து அனுப்பிவைத்த அன்று, நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "குழு ஆரம்பிக்கறதுக்கு மொதல் வேலை என்னக்கா?" என்று கேட்டாள். கையில் பேனாவோடு நின்றாள். முதலில் இது, பிறகு அது என்று நான் சொல்லியிருந்தால் அவள் எழுதிக்கொண்டு போய் ஏதோ ஒரு ஊரில் அப்படியே செய்வாள். ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கும். டீ குடிக்கலாம் வா என்று பேச்சை மாற்றினேன். அவள் முகம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிப் பக்கம், சிங்கவரத்தைத் தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சாப்பாடு போடுகிற வீடுகள் இருக்கின்றன. குழு ஆரம்பிக்கப் போன முதல் நாள் மாரியம்மன் கோயில் எதிரில் நல்ல கூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை கட்டும்வரை பேசினேன். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் நமக்கு நாமே கூடி என்னவெல்லாம் செய்யலாம் என்று அடுக்கினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "லோன் எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். லோன் இல்லை என்றேன். அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் யாரோ வீட்டு வளைகாப்பு என்று நினைத்து வந்தவர். சரி, போனிலாவது கூடுவார்கள் என்று வாட்ஸாப் குழு ஒன்று ஆரம்பித்தேன். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்தன, வேறெதுவும் வரவில்லை.

அப்போது எங்கள் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் என்னைவிட வயதில் சின்னவர். மேல்சித்தாமூர் சமண வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற வழக்கம் அவருக்கு. அதனால் எங்கள் மாதக் கூட்டம் எதுவும் இருட்டும்வரை இழுத்ததில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பிடிக்காத விஷயமும் ஒன்று இருந்தது. நான் ஊரில் செய்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், "சரிங்க, நீங்க இல்லாத அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சி?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இல்லாத அன்று நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? வெயிலில் அலைந்துவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? மாதாமாதம் அதையே கேட்டார். மாதாமாதம் நான் முறைத்துவிட்டு வந்தேன்.

விஷயம் தொடங்கியது அந்த ஊர்க் களத்தில். நவரைப் பட்டத்து நெல், கோடை அறுவடை நேரம். இப்போதெல்லாம் மிஷின் அறுப்பு. நெல் ஈரத்தோடு வந்து விழுகிறது. களத்தில் காயப்போடாமல் அப்படியே செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிப்போனால் விலை கிடைக்காது. கோடை மழை சொல்லிவிட்டு வருவதும் இல்லை. மேற்கே செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை உச்சி மறைந்தால் சட்டியைக்கூட அடுப்பிலிருந்து இறக்க நேரமிருக்காது, மழை களத்துக்கு வந்துவிடும். அன்றும் அப்படித்தான் வந்தது. கூட்டம் போடப் போன என்னைக் கண்டுகொள்ள ஆளில்லை, எல்லோரும் களத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பழைய சேலை, உரச் சாக்கு, எங்கோ கழற்றிய பிளெக்ஸ் பேனர் என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள். ஒருத்தி ஒரு காதுகுத்து பேனரைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். காற்று அவளையும் சேர்த்து இழுத்தது. ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தேன். அந்த ஊரில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

அவள் பெயர் மல்லிகா. ஊர்த்தெருவில் ஓரளவு நிலபுலம் உள்ள ராமமூர்த்தியின் மனைவி. மழை விட்ட பிறகு, நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, "நாலு மூலைக்கு நாலு பேரு இருந்தா எவ்ளோ பெரிய பேனரா இருந்தாலும் போட்டுடலாம்" என்றாள். அன்றைக்குப் பிறகு நான் குழு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. பேனரைப் பற்றி மட்டும் பேசினேன். செஞ்சி ரோட்டில் பேனருக்கா பஞ்சம்? கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கட்சிக் கூட்டம் என்று வாரம் தவறாமல் கட்டுகிறார்கள். விசேஷம் முடிந்து சட்டத்திலிருந்து கழற்றியதைக் கேட்டு வாங்கினோம். கோணி ஊசியும் சணலும் வைத்து ஒன்றோடு ஒன்று தைத்துப் பெரிய பெரிய விரிப்புகளாக ஆக்கினோம். அந்தக் களத்தில் நெல் காயப்போடுகிற வீடுகள் மட்டும்தான் சேர்த்தி. தலைவர், செயலாளர் யாரும் கிடையாது. விரிப்புகள் களத்து ஓரத்து மோட்டார் கொட்டகையில் கிடக்கும், பூட்டும் கிடையாது. ஊர் எங்களைப் பேனர் கோஷ்டி என்று கிண்டல் செய்தது. பெயர் சூட்டு விழா ஒன்று மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

அரசாங்கத்திடம் தார்ப்பாய் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மானியத்தில் வந்தது, வாங்கினவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் தார்ப்பாய் அவரவர் வீட்டுப் பரணுக்குப் போனது. பக்கத்து நெல் நனையும்போது அது பரணில்தான் இருந்தது. ஓட்டைப் பேனர் பொதுவில் கிடந்ததால் அதைத் தூக்க இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கூப்பாடு.

பேனரில் வந்த வம்பு கொஞ்சநஞ்சமில்லை. எந்தத் தலைவர் மூஞ்சியை யார் மிதித்தது என்று ஒரு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முகம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரை நெல் மேல் போடலாமா என்று அடுத்த வழக்கு. செத்தவர்களுக்கு நம் நெல் மேல் என்ன கோபம் என்று மல்லிகா கேட்டாள், அதுவும் தீர்ந்தது.

அந்த வருஷம் ராமமூர்த்தியின் தாயார் காலமானார். ஊரே பேர் சொல்லும்படி வாழ்ந்த அம்மா. வாயும் கொஞ்சம் அதிகம். பதினாறாம் நாள் காரியத்துக்கு ராமமூர்த்தி அடித்த பேனர் அளவுக்கு அந்த ரோட்டில் யாரும் அடித்ததில்லை. காரியத்தன்றே மழை. வீட்டு ஜனம் முழுக்க ஏரிக்கரையில். களத்தில் இருந்தவர்கள் அவரவர் நெல்லை மூடிக்கொண்டார்கள். இவருடைய நெல் மொத்தமும் நனைந்து முளைவிட்டது. அடுத்து கூடியபோது மனுஷன் கொதித்தார். அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஆளு இருக்கறவன் ஓடியாந்து மூடிக்குவான். ஆளு இல்லாத நெல்லு இன்னா பண்ணும்? அதுக்குத்தான் மொதல்ல மூடணும்." அதையே வைத்துக்கொள்வோம் என்றார்கள். எங்கள் குழுவின் ஒரே சட்டம் ஒரு மனிதரின் ஆத்திரத்தில் பிறந்தது. சட்டம் ஆனதும் மல்லிகா தன் மாமியார் பேனரையும் கொட்டகைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். ராமமூர்த்தி, "எங்கம்மா மொகத்த நாலு பேரு மிதிக்கறதுக்கா அடிச்சேன்?" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது, பேனர் பரணுக்குப் போனது.

இனி அஞ்சலை. காலனியைச் சேர்ந்தவள். சின்ன வயதிலிருந்து ராமமூர்த்தி வீட்டு நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அடுத்த வருஷ நவரைக்கு அவள் முதல்முறையாகச் சொந்தமாகக் குத்தகை எடுத்தாள். நிலத்துக்காரர் சென்னையில் இருப்பவர். ஒரு போகம் பார்க்கலாம், சரியாக வரவில்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காலனி நெல் அந்தக் களத்தில் காய்ந்த பழக்கமே இல்லை, ரோட்டோரம்தான் காயும், பஸ் ஏறிப் போகும். களத்தில் இடம் உண்டா என்று அஞ்சலை என் மூலம் கேட்கவில்லை. தானே வந்து எல்லோர் எதிரிலும் கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மல்லிகாதான் பேசினாள். "பஞ்சாயத்துக் களம்தான, நம்ம வூட்டுக் கூடமா அது?" அத்தோடு அஞ்சலை நெல்லும் அவள் தெரு ஏழுமலையின் நெல்லும் களத்துக்கு வந்தன. ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறவன், பேச்சு குறைச்சல்.

அவள் நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம் நான் களத்தில்தான் இருந்தேன். அஞ்சலை இல்லை. மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று செஞ்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருந்தாள். மேற்கே பார்த்தேன், ராஜகிரியைக் காணோம்.

பயம் வந்தால் சட்டமெல்லாம் மறந்துபோகும், அதை நீங்களும் பார்ப்பீர்கள். எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். ஏழுமலை தன் நெல்லுக்கு ஒன்றை இழுத்தான். மற்றவர்கள் தங்கள் தங்கள் குவியலுக்கு இழுத்தார்கள். கடைசியாகக் கிடந்த விரிப்பை ராமமூர்த்தியும் மல்லிகாவும் தங்கள் நெல் மேல் போட்டுக் கல் வைத்துவிட்டார்கள். அஞ்சலையின் நெல் களத்து நடுவில் பரப்பினபடி கிடந்தது. காற்று சேலைத்தலைப்பைப் பிடுங்கியது.

அப்போது என் வாய்வரை வந்தது. 'எல்லாரும் வாங்க, அஞ்சலை நெல்லை மூடுங்க' என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பார்கள். என் பேச்சுக்கு அங்கே அந்த அளவு மதிப்பு இருந்தது. ஆனால் நாளைக்கு அது மேடம் சொன்ன வேலையாகிவிடும். அஞ்சலை மேடத்தோட ஆளாகிவிடுவாள். அடுத்த மழைக்கு நான் அங்கே இல்லையென்றால் அவள் நெல் நனையும், 'மேடம் வரலியே' என்பார்கள். இன்னொரு பக்கம், என் நல்ல கொள்கையைப் பரீட்சை பார்க்க அவளுடைய நெல்லைப் பணயம் வைக்க நான் யார்? நெல் நனைந்தால் போவது அவளுடைய நிலம் அல்லவா? நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கப்போகிறீர்கள், எந்தப் பயிற்சியும் இதற்கு விடை தராது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் கிடந்த நெல் தள்ளுகிற பலகையை எடுத்துக்கொண்டு போய் அஞ்சலையின் நெல்லைத் தள்ளிக் குவிக்க ஆரம்பித்தேன். மூடுவதற்கு முன் குவிக்கத்தானே வேண்டும். மூடுவதற்கு எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் குவித்தேன். எனக்கு அந்தப் பலகை சரியாகப் பிடிக்க வராது. பாதி நெல் பக்கவாட்டில் வழிந்தது.

என் தள்ளாட்டத்தைப் பார்த்துதான் மல்லிகா திரும்பினாள் என்று நினைக்கிறேன். வந்து என் கையிலிருந்து பலகையைப் பிடுங்கினாள். பிறகு புருஷனைப் பார்த்து, சத்தம் போடாமல், சொன்னாள்.

"அஞ்சல இல்ல. ஆளு இல்லாத நெல்லுக்குத்தான் மொதல்லன்னு நீதான சொன்ன?"

ராமமூர்த்தி தன் குவியலை மூடியிருந்த விரிப்பின் மூலையைப் பிடித்தார். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. ஏழுமலை வந்து அவர் கையைத் தடுத்தான். "இப்ப இத்த எடுத்தா ரெண்டும் நனையும்" என்றான். அது உண்மை. வேறு விரிப்பு இல்லை. இருந்த ஒரே பேனர் எங்கே இருக்கிறது என்று களத்தில் எல்லோருக்கும் தெரியும். களத்தை ஒட்டின ராமமூர்த்தி வீடு, பரண் மேல். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் மல்லிகா பக்கம் திரும்பவில்லை. என் பார்வையே கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமமூர்த்தி வீட்டுக்குள் போனார். சுருட்டி வைத்த பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு மூலையை ஏழுமலை பிடித்தான், ஒரு மூலை மல்லிகா, ஒன்று நான். நான்காவது மூலையில் அவர். "திருப்பிப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். முகம் உள்பக்கமாகப் போட்டோம். கல் வைத்து முடித்தபோது மழை வலுத்துவிட்டது. நால்வரும் கொட்டகையில் நின்றோம். அவர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாரா, மழைத் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

மழை விட்டதும் பஸ் வந்தது. அஞ்சலை மகளை ஸ்டாப்பிங் கூரைக்கடியில் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தாள். நெல் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு வந்த முகம் அது. மூடியிருந்ததைக் கண்டு அவளுக்கு முதலில் புரியவில்லை. ஓரத்துக் கல்லைத் தள்ளிப் பேனரைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் நெல்லோடு கன்னம் வைத்ததுபோல் அந்த அம்மாவின் முகம். அந்த அம்மா இருந்தவரை அவளை இந்தக் களத்தில் கூலிக்கு மட்டும்தான் ஏற விட்டிருக்கிறார்.

"உங்கம்மாவா இது?" என்றாள்.

"நெல்லு நனஞ்சிருக்குதான்னு பாரு" என்றார் ராமமூர்த்தி.

அவள் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தாள். "இல்ல. இன்னும் வெயில் சூடு இருக்குது" என்றாள். பிறகு பேனரின் மேல்பக்கத்துத் தண்ணீரை வழித்துவிட்டாள். புரட்டி, அந்த முகத்தில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் குவியலில் போட்டாள். தன் முந்தானையால் துடைத்தாள். அவரும் ஒரு மூலையைப் பிடித்தார். இரண்டு பேரும் மடித்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் மறுநாள் இரண்டு தெருவிலும் சண்டை. பெற்றவளைக் கொண்டுபோய் யார் நெல் மேல் போட்டாய் என்று ராமமூர்த்தியின் பங்காளிகள் கேட்டார்கள். அந்தம்மா மூஞ்சி நம்ம நெல்லு மேலயா என்று அஞ்சலையைக் காலனியில் கேட்டார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் வேலை ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம், பயப்படாதீர்கள். ஒரு பங்காளி விலகிக்கொண்டார். அவரை நாங்கள் தாங்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த அறுவடைக்கு அவர் நெல்லும் அந்தக் களத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

சண்டை ஓய்ந்த பிறகு ராமமூர்த்தி பேனரைத் தானே கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நிபந்தனை சொன்னார். "எங்கம்மா பேனர எவனும் தன் நெல்லுக்கு எடுக்கக் கூடாது. ஆளு இல்லாத நெல்லுக்கு மட்டும்தான்." கொட்டகையில் அதைத் தனியாக, உயரத்தில் வைத்தார்கள். அஞ்சலையின் நெல் காய்ந்து நல்லபடியாக விலைபோனது. சென்னைக்காரர் நிலத்தை அவளிடமே விட்டார்.

அடுத்த அறுவடையின்போது ஒரு நாள் நான் செஞ்சி ஆபீஸில் இருந்தேன். ஜன்னலில் ராஜகிரியைக் காணோம். மல்லிகாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஏழுமலை எடுக்கவில்லை. அஞ்சலை எடுக்கவில்லை. ராமமூர்த்தியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. என்ன ஜனங்கள் இவர்கள், ஆபத்துக்கு ஒரு போனை எடுக்கத் தெரியாதா என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கத் திட்டினேன். ஒருங்கிணைப்பாளர் தன் சாயங்காலச் சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

மழை விட்ட பிறகு அஞ்சலை கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, இத்தினி வாட்டி அடிச்சிகினே இருந்த? கை ரெண்டும் மூலையில இருந்திச்சி, எப்பிடி எடுக்கறது?"

யாருடைய நெல் என்று கேட்டேன்.

"ராமமூர்த்தி அண்ணனுது. அவுரும் மல்லிகாக்காவும் திருவண்ணாமல போயிருக்காங்க. அவுங்கம்மா பேனருதான் போட்டோம்."

போனை வைத்தேன். ஒருங்கிணைப்பாளர் முதல் வாயை எடுக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "கேளுங்க" என்றேன். "நான் இல்லாத அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சின்னு கேளுங்க."